ஞாயிற்றுக்கிழமை மொண்ட தண்ணீர்

ஐ.டி.ஐ.யில் நான் எடுத்தது லேப் உதவியாளர் படிப்பு. கோடையில் முப்பது நாள் வெளியே எங்காவது போய் வேலை பழக வேண்டும். பழகி முடித்ததாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். எல்லோரும் இன்டர்ன்ஷிப் என்றார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

பத்தாவதோடு நின்றவள் நான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் வீட்டில் இருந்து இறால் உரித்தேன். கோவிலில் பாட்டு சொல்லித் தரும் டீச்சரம்மா விண்ணப்பம் வாங்கி வந்து நீட்டியதால் ஐ.டி.ஐ. போனேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

பொன்னேரியில் தண்ணீர் பரிசோதிக்கும் சின்ன லேப் ஒன்றில் இடம் கிடைத்தது. கீழே செருப்புக் கடை, மேலே லேப். மேடம் ஒருவர் பொறுப்பு. தினமும் சென்னையிலிருந்து ரயிலில் வருவார். தண்ணீர் எடுத்து வர ஒரு அண்ணன் இருந்தார். பைக்கின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். மூன்றாவது ஆள் நான். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவேன். மேடம் சொல்லும் எண்களை நோட்டில் எழுதுவேன். பேச்சு அதிகம் கிடையாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தக் கோடையில் நைனாவுக்கு ஒரு எண்ணம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நாலு பேரும் சேர்ந்து எங்காவது போக வேண்டும் என்றார். நைனா, அம்மா, நான், தங்கச்சி. அவ்வளவுதான் எங்கள் வீடு.

"இது அடுத்த வருசம் வேலக்கிப் பூடும். அப்பொறம் எங்க சேந்து போறது?" என்றார் என்னைக் காட்டி.

முதல் ஞாயிறு சென்னைக்குப் போனோம், பெசன்ட் நகர் மாதா கோவிலுக்கு. அம்மா வறுத்த மீனும் சோறும் கட்டி எடுத்து வந்தார். ரயிலில் பொட்டலத்தைப் பிரித்ததும் எதிரில் இருந்த ஆள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

"நைனா, காலு நீட்டி ஒக்காரு. எடம் கெடச்சிடுச்சி" என்றாள் தங்கச்சி.

அம்மா அவள் தொடையில் கிள்ளினார். நைனா நிஜமாகவே காலை நீட்டிக்கொண்டார்.

இரண்டாவது ஞாயிறு மீஞ்சூரில் சொந்தக்காரர் வீட்டு ஞானஸ்நானம். பிரியாணி நன்றாக இருந்தது.

எங்கே போனாலும் பஸ்தான், ரயில்தான். படகு எடுக்கவில்லை. எங்கள் குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் படகு எடுப்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கோவில் மணி அடித்தால், ஞாயிறு சாயங்காலம் மறுபடி அடிக்கும் வரை வலை நனையக் கூடாது. அது ஊர்க் கட்டு. மீறினால் வலையைக் கோவிலுக்குள் கொண்டுபோய் வைத்துப் பூட்டிவிடுவார்கள், ஒரு வாரத்துக்கு. அந்த ஒரு வாரம் அந்த வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். பக்கத்துக் குப்பம் இந்துக்கள் குப்பம். அவர்களுக்கு வேறு நாள், வேறு கட்டு.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை அந்தப் பக்கத்துக் குப்பத்துத் தண்ணீர்தான் எங்கள் லேபுக்கு வர வேண்டியிருந்தது. அங்கே நாலைந்து நாளாக மடவை மீன் செத்துக் கரை ஒதுங்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஐஸ் கம்பெனி ஒன்றின் மேல் சந்தேகம். அதன் கழிவு வாய்க்கால், கடலோடு சேரும் எங்கள் உப்பு ஏரியில் வந்து விழுகிறது. வாய்க்கால் தண்ணீர் ஒரு பாட்டில், ஏரித் தண்ணீர் ஒரு பாட்டில், இரண்டையும் பரிசோதித்து எழுதித் தரச் சொல்லி மேடத்திடம் வந்திருந்தார்கள். அந்தத் தாளை வைத்து ஆபீசரிடம் மனுக் கொடுப்பதாக இருந்தார்கள்.

"உங்க ஊர்ப் பக்கம்தானே? நீயும் கூடப் போ" என்றார் மேடம்.

முந்தின நாள் கரண்ட் இல்லை. பெட்டிக்குள் வைக்கும் ஐஸ் பைகள் உறையவே இல்லை. எப்போதும் பாட்டில் மேல் எழுதும் மார்க்கரும் தீர்ந்துபோயிருந்தது. அண்ணன் பேனாவால் தாளில் எழுதிப் பசை தடவி ஒட்டினார். ஒன்றில் ஏரி, ஒன்றில் வாய்க்கால்.

"ஐஸுக்கு இன்னா பண்றது?" என்று தலையைச் சொறிந்தார்.

"உடுண்ணா. ஐஸ் வேல எனக்குத் தெரியும்" என்றேன்.

மீன் இறங்கும் இடத்தில் ஒரு கட்டி ஐஸ் வாங்கி நொறுக்கினேன். பெட்டியில் அடியில் ஐஸ் பரப்பி, அதன் மேல் இரண்டு பாட்டிலையும் தலைமாடு கால்மாடாகப் படுக்கவைத்து, மேலே ஐஸ் கொட்டி, ஒரு கை உப்புத் தூவி, ஈரச் சாக்குப் போட்டு மூடினேன். வீட்டில் மீன் அடுக்குவது போலவே.

"நீ பாட்டில் கட்றியா, மடவ கட்றியா?" என்றார் அண்ணன்.

"எதா இருந்தாலும் கெடாம போவணும். அவ்ளோதான?"

"மெய்தான். பொன்னேரி போற வரைக்கும் ஜில்லுனு நிக்கும்."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

லேப் வாசலில் என்னையும் பெட்டியையும் இறக்கிவிட்டு அவர் மீஞ்சூருக்கு வேறு தண்ணீர் எடுக்கப் போய்விட்டார். மேடம் சாப்பிடப் போயிருந்தார். நான் பெட்டியைத் திறந்தேன். ஐஸ் பாதி கரைந்திருந்தது. கரைந்த தண்ணீரில் இரண்டு தாளும் மிதந்துகொண்டிருந்தன. மை கரைந்து தண்ணீர் இலேசாக நீலமாக இருந்தது. பாட்டில் இரண்டிலும் பேர் இல்லை. ஒரே அளவு, ஒரே மூடி. தண்ணீரும் ஒரே தெளிவு.

மீனுக்குப் பேர் ஒட்டி யாரும் ஐஸ் போடுவதில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அண்ணனுக்குப் போன் செய்திருக்கலாம். ஐஸ் வேலை தெரியும் என்று சொன்ன வாய் போன் செய்ய விடவில்லை. அப்படியே போன் செய்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் பக்கம் வலை போடுவதற்கு முன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். விரலை நனைத்து நாக்கில் தொட்டுத் துப்பிவிடுவது. ஆற்றுத் தண்ணீர் கலந்திருக்கிறதா, கடல் ஏறியிருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். இறால் எந்தப் பக்கம் நிற்கும் என்று அதை வைத்து முடிவு செய்வார்கள். எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. சின்ன வயதிலிருந்து நைனாவோடு படகில் போனவள் நான். அதனால் யோசிக்கவே இல்லை. இரண்டு மூடியையும் திறந்தேன். இரண்டிலும் விரல் வைத்து நாக்கில் தொட்டேன்.

ஒன்று உப்பு. மற்றது அதைவிடப் பெரிய உப்பு, கடைசியில் கொஞ்சம் கசப்பு. மே மாதம் ஏரித் தண்ணீர் வற்றி உப்பேறிக் கிடக்கும். ஆகவே பெரிய உப்புதான் ஏரி என்று முடிவு செய்தேன். தாள் கிழித்து, எழுதி, ஒட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். மேடம் வந்தபோது குடுவை கழுவிக்கொண்டிருந்தேன்.

அத்தோடு முடிந்திருக்கும். சாயங்காலம் நோட்டில் பக்கம் திருப்ப விரலை நாக்கில் வைத்தேன். மேடம் பார்த்துவிட்டார்.

"ஏய். லேப்ல விரலை வாய்க்குக் கொண்டுபோகாதே. இன்னிக்கு வந்திருக்கிறது ஐஸ் கம்பெனி தண்ணி. அதுல கேஸ் கலந்திருந்தா தொண்டை வெந்துடும்."

ஐஸ் கம்பெனி கேஸ் எங்களுக்குத் தெரியும். கசிந்தால் அந்தப் பக்கம் போகிறவர்களுக்குக் கண் எரியும், மூச்சு அடைக்கும். தலையாட்டிவிட்டு எழுதினேன். பஸ்ஸில் வரும்போது தொண்டை வறண்டது. வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனேன். மேடம் அந்த இரண்டு பாட்டிலையும் எடுத்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க என்னென்னவோ ஊற்றிப் பார்த்தார். எண் எண்ணாகச் சொன்னார். நான் எழுதினேன். ஏரி என்ற பக்கத்தில் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்றார். "இவ்வளவா?" என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டார். மறுபடி அளந்தார். அதே எண்தான் வந்தது. நான் அதையே எழுதினேன். மறுநாள் சாயங்காலம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

தொண்டை பயம் ஒரு பக்கம். எழுதின எண் பயம் இன்னொரு பக்கம். நான் மாற்றி ஒட்டியிருந்தால் கம்பெனித் தண்ணீர் ஏரியாகவும் ஏரி கம்பெனியாகவும் தாளில் போகும். அந்த ஜனங்கள் அதைத்தான் ஆபீசரிடம் கொடுப்பார்கள். வாய் திறந்து சொன்னால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தாள் கிடைக்காது. பரீட்சையும் இல்லை. மறுபடி இறால் உரிக்க வேண்டியதுதான்.

மே மாதம் முழுக்க எங்கள் குப்பத்தில் மாதா சுரூபம் ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் இருக்கும். சாயங்காலம் அந்த வீட்டில் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்வார்கள். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு முறை. அம்மா நாற்காலிக்கு வெள்ளைத் துணி போர்த்தி, மல்லிகைச் சரம் சுற்றி மாதாவை வைத்திருந்தார். வீடு கொள்ளாத கூட்டம். பாதிப் பேர் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெபமாலையின் மூன்றாவது பத்து மணிக்கு நான் முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொல்ல வேண்டும்.

நாலாவது மங்கள வார்த்தை ஜெபத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. சத்தம் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். தங்கச்சி எடுத்துச் சொல்லி முடித்தாள். நான் மணியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். லேபிள் சரியாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் அதையும் நிறுத்தினேன். ஒட்டின தாளை மாதா வந்து மாற்றி ஒட்டப் போவதில்லை.

சுண்டல் கொடுத்து எல்லோரும் போனபின் அம்மா என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"நேத்துலேர்ந்து துன்னல. இன்னிக்கி தொண்ட அடைக்குது. இன்னாடி?"

சொன்னேன். ஐஸ், தாள், நாக்கு, கேஸ், எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா எழுந்து போய் ஒரு சொம்பு மோரோடு வந்தார். குடித்து முடிக்கும் வரை சொம்பின் அடியைப் பிடித்துத் தூக்கியே வைத்திருந்தார். நைனா ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏரித் தண்ணி எங்க மொண்டீங்க?"

"முகத்துவாரத்துக்கு நேரா."

"போன மாசந்தான் அங்க மணலு வாரி வழி உட்டாங்க. கடலு உள்ள வருது. மத்த எடம் மாரி அங்க உப்பு ஏறல."

"அப்ப நான் ஒட்டுனது தப்பா நைனா?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் ஏரியத்தான் நாக்குல வெச்சிக்கீறேன். ஐஸ் கம்பெனிய வெச்சதில்ல."

தங்கச்சி சிரித்துவிட்டாள். அம்மா அவளை முறைத்தார். எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. மோர் உள்ளே இறங்கியது. எரியவில்லை.

சனிக்கிழமை லேபுக்குப் போனதும் பையைக்கூட வைக்காமல் மேடம் மேசைக்கு நேரே போனேன். அண்ணனும் அங்கே இருந்தார்.

"மேடம், அந்த ரெண்டு பாட்டில்..."

"டைப் பண்ணியாச்சு. கையெழுத்துதான் பாக்கி. என்ன?"

"லேபிள் நான் எழுதுனது மேடம். மொதல்ல ஒட்டுனது ஐஸ்ல ஊறிக் கழண்டுடுச்சி. எது எதுன்னு தெரியல. நாக்குல வெச்சிப் பாத்து ஒட்டிட்டேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"எதுல வெச்சு?"

"நாக்குல."

"ரெண்டையுமா?"

"ரெண்டும்."

எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். போன் லைட்டைப் போட்டு, "வாயைத் திற" என்றார். தொண்டைக்குள் பார்த்தார். எரிகிறதா, வாந்தி வந்ததா, வயிறு வலித்ததா என்று வரிசையாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை என்றேன். பசிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"அது பயம். கேஸ் இருந்திருந்தா நாக்குல வெச்ச அன்னிக்கே அலறியிருப்பே. ஒண்ணுமில்ல. இனிமே ஏதாவது வலிச்சா டாக்டர்கிட்ட போ."

அந்த ஒண்ணுமில்ல எனக்குப் போதும். இரண்டு நாளாகக் காலில் கட்டியிருந்த கல்லை யாரோ அவிழ்த்துவிட்டது போல இருந்தது. அதற்குப் பிறகுதான் திட்டினார். நன்றாகத் திட்டினார்.

"ஐஸை நேரா பாட்டில் மேல கொட்டினியா?"

"ஆமா மேடம். உப்பு கூட ஒரு கை..."

"உப்பா? உப்பு எவ்வளவுன்னு பார்க்கிற பாட்டில் மேல உப்பா?" அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

"நல்லா ஜில்லுனு இருந்துச்சி மேடம்" என்றார் அண்ணன். பாவம், வேறு என்ன சொல்வார்?

மேடம் இரண்டு பாட்டிலையும் எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தார். டைப் அடித்த தாளை நாலாகக் கிழித்தார்.

"பேர் இல்லாத பாட்டில் பாட்டிலே இல்ல. இது வெளியில போயிருந்தா அந்த ஜனங்க கையில பொய் இருந்திருக்கும். கீழே என் கையெழுத்து இருந்திருக்கும்."

செவ்வாய்க்கிழமை அவர்கள் மனுக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் புதிதாக இரண்டு பாட்டில் வர வேண்டும், அதுவும் முந்தின நாள் எடுத்ததாக இருக்க வேண்டும். அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை மச்சினி கல்யாணம், அரக்கோணத்தில்.

"அப்ப நீ போ" என்றார் மேடம் என்னிடம்.

"நாளைக்கி ஞாயித்துக்கிழமை மேடம்."

"ஞாயித்துக்கிழமை ஏரியில தண்ணி இருக்காதா?"

ஊர்க் கட்டை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லவில்லை.

"எட்டு மணிக்குப் பாட்டில் வந்தா நீயும் வா. வரலைன்னா மிச்ச நாளுக்கு வர வேண்டாம். தாளும் கேட்காதே."

புது மார்க்கர் ஒன்றை என் கையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சாமியார் வரும் வாரம் இல்லை. அவருக்குப் பதிலாக உபதேசியார் ஜெபம் சொல்லி முடித்தார். கோவில் வாசலில் நைனா ஊர்க்காரர்களை நிற்கச் சொன்னார். விஷயத்தைச் சொன்னார். அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"முகத்துவாரத்துக்கு நேரா ஒரு பாட்டில் தண்ணி மொள்ளணும். படகு போயே ஆவணும். வல எடுக்கல."

"இன்னிக்கி பாட்டிலு" என்றார் ஒருவர். "அடுத்த வாரம் வாளி. அதுக்கடுத்த வாரம் வாளியில தானா இறால் வந்து குதிக்கும்."

"வலதான் நனையக் கூடாது. படகு நனையக் கூடாதுன்னு எங்க கீது?" என்றார் இன்னொருவர்.

"படகு போனா வேல. வேலன்னா வேலதான்."

பேச்சு வளர்ந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இடுப்பில் சோற்றுக் குண்டான். பின்னால் தங்கச்சி குழம்புச் சட்டியோடு.

"இன்னா வேல? ஆரு வேலக்கிப் போறா? நாங்க குடும்பமா ஊர் சுத்தப் போறோம். ரெண்டு வாரமா சுத்திகினுதான கீறோம், ஊரே பாத்துச்சி. இந்த வாரம் ஏரியில சுத்தறோம். குண்டானத் தொறந்து காட்டட்டா?"

"சுத்தற எடத்துல அது தண்ணி மொள்ளுமே?" என்றார் உபதேசியார், என் பக்கம் பார்த்து.

"ஒரு பாட்டில் தண்ணிக்கா சாமி கோச்சிக்கப் போவுது? ஏரியே அவரு வெச்சதுதான?"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. உபதேசியாரும் சிரித்தார். ஓரத்தில் நின்ற ஊர்த் தலைவர் முன்னால் வந்தார். அம்மா வழியில் எங்களுக்கு மாமா முறை.

"நானும் கூடப் போறேன். வல இல்லன்னு ஊருக்கு நான் சாட்சி" என்றார்.

"சோத்துக்கும் சாட்சியா மாமா?" என்றாள் தங்கச்சி.

"அதுக்குந்தான் மொதல்ல."

அப்படித்தான் படகு இறங்கியது. என் வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படகில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மோட்டார் போடவில்லை. சத்தம் வேண்டாம் என்று நைனா கழி ஊன்றித் தள்ளினார். ஏரியில் எங்கள் குப்பத்துப் படகு வேறு ஒன்றும் இல்லை. தலைவர் மாமா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பலகைகளுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தார்.

"இன்னா தேடுற அண்ணே?" என்றார் அம்மா.

"சாட்சின்னா பாக்க வாணாமா? நாளிக்கி எவனாவது கேப்பான்."

முகத்துவாரத்துக்கு நேரே வந்ததும் நைனா கழியை ஊன்றிப் பிடித்துக்கொண்டார். மார்க்கரால் முதலில் பாட்டில் மேல் எழுதினேன். ஏரி. நாள். நேரம். என் பேர். மூடி மேலும் எழுதினேன். பாட்டிலை மூன்று தடவை அலசி, கை முழங்கை வரை உள்ளே விட்டு, குமிழி வராமல் நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடினேன். தங்கச்சி துணியால் துடைத்தாள். எழுத்தை விரலால் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

நிமிர்ந்தால் நைனாவின் விரல் தண்ணீரில் இருந்தது. வாய்க்குப் போகப் போகிறது.

"நைனா!"

அவர் கையை உதறினார். "பழக்கம்" என்றார்.

"உப்பா?" என்றார் தலைவர் மாமா.

"அவ வைக்க உடல."

வாய்க்கால் விழும் இடத்தில் பக்கத்துக் குப்பத்து ஆள் ஒருவர் கரையில் காத்திருந்தார். முந்தின நாளே நைனா போன் செய்து சொல்லியிருந்தார். எங்கள் படகைப் பார்த்து அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழம உங்க படகு! இன்னா தலைவரே, ஊர்க் கட்டு அவுந்துச்சா?"

"பிக்னிக்யா" என்றார் தலைவர் மாமா. "கண்ணு தெரியல? குண்டானு கீது."

இறங்கிப் போய், கையுறை மாட்டிக்கொண்டு வாய்க்கால் தண்ணீரை எடுத்தேன். அதிலும் அதே மாதிரி எழுதினேன். அந்த ஆள் பக்கத்தில் நின்று பார்த்தார். வியாழக்கிழமை எடுத்தது என்ன ஆயிற்று என்று கேட்டார். அம்மா படகிலிருந்து என்னைப் பார்த்தார்.

"என் தப்பால கெட்டுப்போச்சி. அதான் திரும்ப எடுக்கறேன்" என்றேன்.

"சரி. இது கெடாம பாத்துக்க. செத்தது எங்க மீனு" என்றார்.

ஐஸை இந்த முறை பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். பாட்டில்களைத் தனித்தனிப் பையில் நிற்க வைத்தேன். சொட்டுத் தண்ணீர் வெளியே இல்லை. உப்பும் இல்லை.

பிறகு மணல் திட்டில் ஏறிச் சாப்பிட்டோம். முந்தின நாள் பிடித்த நண்டில் குழம்பு. மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடாதவள் அன்று மூன்று தடவை சோறு வாங்கினேன். தலைவர் மாமா நாலு தடவை வாங்கினார். சாப்பிடும் முன் ஜெபம் அவர்தான் சொன்னார். சோற்றுக்கு நன்றி சொன்னார், ஏரிக்கு நன்றி சொன்னார், படகில் வலை இல்லாததற்கும் நன்றி சொன்னார். ஆமென் என்று சொல்ல முடியாமல் தங்கச்சி அம்மாவின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேர் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது.

மணி அடிப்பதற்கு முன்பே கரை ஏறிவிட்டோம். கரையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். தலைவர் மாமா வலை இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் வலை எங்கள் வீட்டு வாசலிலேயே தொங்கியது.

திங்கட்கிழமை முதல் பஸ். நைனா பெட்டியோடு கூட வந்தார், பொன்னேரி வரை. மாடிக்கு வரவில்லை. செருப்புக் கடை வாசலில் நின்றுகொண்டார். எட்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மேடம் அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

பாட்டில் இரண்டையும் மேசையில் வைத்தேன். மேடம் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் படித்தார். விரல் நுனியில் எச்சில் தொடாமல் ஈரத் துணியால் எழுத்தைத் தேய்த்துப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். நோட்டை என் பக்கம் தள்ளினார். எடுத்தவர் என்ற இடத்தில் என் பேரை எழுதச் சொன்னார். அதுவரை அந்த இடத்தில் அண்ணன் பேர்தான் இருக்கும்.

மதியத்துக்குள் முதல் எண்கள் வந்துவிட்டன. வாய்க்கால் தண்ணீரில்தான் உப்பு அதிகம். வியாழக்கிழமை நான் மாற்றித்தான் ஒட்டியிருந்தேன்.

"ஐஸ் உறைய வைக்க உப்புத் தண்ணிதான் தொட்டியில நிக்கும். அது கசிஞ்சா வாய்க்கால்ல வரும்" என்றார் மேடம். "தெரியாதா?"

தெரியும். பிறந்ததிலிருந்து அந்த ஐஸில்தான் மீன் வைக்கிறோம். நாக்கில் வைத்தபோது அது ஞாபகம் வரவில்லை. ஏரி மட்டும்தான் ஞாபகம் வந்தது.

மீன் ஏன் செத்தது என்று அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பதை நான் சொல்லக் கூடாது. அது கேட்டவர்களுக்கு உரியது. அவர்கள் செவ்வாய்க்கிழமை காலை வந்து வாங்கிப் போனார்கள். கீழே மேடம் கையெழுத்து இருந்தது. மேலே இருந்தது உண்மையான ஏரி, உண்மையான வாய்க்கால்.

எண்கள் வந்த அந்தத் திங்கட்கிழமை மதியம் நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். நைனா இன்னும் செருப்புக் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து போகவில்லை. கடைக்காரர் ஒரு ஸ்டூல் கொடுத்திருந்தார் போல, அது பக்கத்தில் காலியாக இருந்தது.

"நைனா!" என்றேன். "நீ வூட்டுக்குப் போ. எனக்கு சாயங்காலம் வரைக்கும் வேல கீது."

அண்ணாந்து பார்த்தார்.

"நாளிக்குமா?"

"நாளிக்கும்."

தலையை ஆட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.